குளிசையின் நிறத்துக்கும் ஒரு பெயர் உண்டு: மருந்து நிறமிகளை இனங்கண்டுகொள்ள ஒரு முழு வழிகாட்டி

திருகோணமலை உப்புவெளியிலிருந்து மாதம் ஒருமுறை எங்கள் மருந்துக்கடைக்கு வரும் ஐயா ஒருவர், ஒருநாள் காலையில் தலைசுற்றி வீட்டு முற்றத்தில் விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. ஆனால் பிரஷர் மிகவும் இறங்கியிருந்தது. மகள் குளிசைப் பையைக் கொண்டுவந்து கடை மேசையில் கொட்டியபோதுதான் காரணம் விளங்கியது. லொசார்டன் 50 மில்லிகிராம் இரண்டு விதமாகக் கிடந்தது. ஒரு கம்பனியுடையது வெள்ளை, மற்றக் கம்பனியுடையது பச்சை. வழமையான வெள்ளை அந்த மாதம் எங்களிடம் இல்லாததால் பச்சையைக் கொடுத்தது நான். வீட்டில் பழைய வெள்ளை இரண்டு கார்ட் மிச்சம் இருந்திருக்கிறது. அவர் கண்ணுக்கு அவை இரண்டு வெவ்வேறு மருந்துகள். ஏற்கெனவே வேறொரு பிரஷர் குளிசையும் எடுப்பவர், ஒன்பது நாள் எல்லாவற்றையும் சேர்த்தே போட்டிருக்கிறார்.

மருந்து சரி, அளவு சரி, டொக்டரின் துண்டில் எழுதியிருந்ததும் சரி. நிறம் மாறியிருக்கிறது என்பதை நான் வாய்திறந்து சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் குளிசையின் மேலிருக்கும் அந்த மெல்லிய பூச்சைப் பற்றி விடாமல் படிக்கத் தொடங்கினேன். சாதாரணமாக ஒரு குளிசையின் எடையில் 2 முதல் 4 சதவீதம்தான் மேற்பூச்சு. அதற்குள்ளும் ஒரு பங்குதான் நிறமி. அந்த அற்பத் தூளுக்கும் ஒரு பெயர், ஓர் எண், ஒரு பட்டியல், ஒரு சட்டம் எல்லாம் இருக்கின்றன. அவற்றை நீங்களே தேடிப் பிடிக்கும் வழியைத்தான் கீழே படிபடியாக எழுதுகிறேன். கையில் ஒரு குளிசைப் பெட்டியை வைத்துக்கொண்டு வாசித்தால் சுலபமாக இருக்கும்.

படி 1: நிறம் சேர்த்ததா, மருந்தினுடையதா?

எல்லா நிறமும் சாயம் அல்ல. காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் தானாகவே செங்கல் நிறம். அதை எடுப்பவருக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், கண்ணீர்கூட நிறம் மாறும். பயப்படத் தேவையில்லை, சாயம் கரைந்து வருகிறது என்று நினைக்கவும் தேவையில்லை. விற்றமின் பி கொம்ப்ளெக்ஸ் போட்டால் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாவது ரைபோபிளேவின் என்ற பி2 விற்றமினால். இந்த ரைபோபிளேவின் வேடிக்கையான ஒன்று: ஓரிடத்தில் விற்றமின், இன்னோரிடத்தில் ஈ101 என்ற ஐரோப்பிய எண்ணோடு வெறும் நிறமி. எதற்காகச் சேர்த்தார்கள் என்பதே சட்டத்துக்கு முக்கியம். நிறம் கொடுப்பதற்கென்றே சேர்த்தால்தான் அது நிறமி. மருந்தாக வேலை செய்யச் சேர்த்த பொருளுக்கு இயல்பாக நிறம் இருந்தால் அது இந்தக் கணக்கில் வராது.

நம் சித்த வைத்தியத்தில் இந்த வேறுபாடு பெயரிலேயே கிடக்கிறது. செந்தூரம் என்றால் சிவப்பு, பற்பம் என்றால் வெண்ணீறு, கறுப்பு என்றே ஒரு மருந்து வகை உண்டு. புடம் போட்டு முடித்ததும் வரும் நிறம் அது. மருந்து பக்குவமாகிவிட்டதா என்று வைத்தியர் பார்க்கும் அடையாளமும் அதுதான். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள், அன்னபேதிச் செந்தூரத்தின் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று. இரும்பு ஒக்சைட் என்பார்கள். அதே இரும்பு ஒக்சைட்டை ஆங்கில மருந்துக் கம்பனிகள் குளிசையின் மேல் நிறத்துக்காகப் பூசுகின்றன. பொருள் ஒன்று, பாத்திரம் வேறு.

படி 2: நிறமியின் பெயரைத் தேடுங்கள்

இங்கேதான் நம் ஊரில் பெரிய இடைஞ்சல். கிளினிக்கில் ஆயிரம் குளிசை கொண்ட டின்னிலிருந்து எண்ணி, சின்னத் தாள் உறையில் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று எழுதிக் கொடுப்பார்கள். தனியார் கடையிலும் கார்டை வெட்டிக் கொடுப்பதுதான் வழக்கம். வெட்டும்போது பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் திகதி இன்னொரு துண்டிலும் போய்விடும். பெட்டி கடையிலேயே நின்றுவிடும். நோயாளியிடம் மிஞ்சுவது நிறம் மட்டும். “ரோஸ் குளிசை முடிஞ்சுது பிள்ளை, அதில ஒரு மாதத்துக்குத் தாங்கோ” என்று கேட்பவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? வேறு எந்த அடையாளத்தையும் நாங்கள் அவர் கையில் கொடுக்கவில்லையே.

ஆகவே கேட்டு வாங்குங்கள். உறையின் மேல் மருந்தின் பொதுப்பெயரையும் மில்லிகிராமையும் எழுதச் சொல்லுங்கள். தனியார் கடையென்றால், “பெட்டியை ஒருக்காக் காட்டுங்கோ, ஒரு படம் எடுக்கிறன்” என்று கேட்டால் எந்த மருந்தாளரும் மறுக்கக்கூடாது.

பெட்டி கிடைத்ததும் எங்கே பார்ப்பது என்பது அது எந்த நாட்டுப் பெட்டி என்பதைப் பொறுத்தது. நம் கடைகளில் அதிகம் இருப்பது இந்தியத் தயாரிப்பு. இந்தியாவின் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 127ஆம் விதி, நிறமி சேர்த்த மருந்தின் கொள்கலனில் அந்த நிறமியின் வழக்குப் பெயர் இருக்கவேண்டும் என்கிறது. சேர்மான விபரத்துக்குக் கீழே ‘கலர்’ என்று தொடங்கும் ஒரு வரி வரும். சன்செட் யெலோ, டைட்டேனியம் டயொக்சைட் என்று ஏதாவது இருக்கும். கப்சியூல் என்றால் பலவேளை ‘கோதில் அங்கீகரிக்கப்பட்ட நிறமிகள் பாவிக்கப்பட்டுள்ளன’ என்ற பொருளில் ஒரு வரியோடு நிறுத்திவிடுவார்கள். அலர்ஜி உள்ளவருக்கு அந்த வரியால் ஒரு பிரயோசனமும் இல்லை. எந்த நிறமி என்று தெரியாமல் அது பொருந்துமா என்று யாரும் சொல்ல முடியாது.

லண்டனிலிருந்து அண்ணா அனுப்பிய மருந்து என்றால் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளை விரித்து 6ஆம் பகுதிக்குப் போங்கள். மருந்தல்லாத சேர்மானங்கள் எல்லாமே அங்கே வரிசையாக இருக்கும். அதே தாளின் 2ஆம் பகுதியில் எச்சரிக்கைகள் இருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த போத்தல் என்றால், பின்புறத்துக் கட்டத்தில் ‘செயல்படாத சேர்மானங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பின் கீழ் பாருங்கள்.

படி 3: ஒரே சாயத்துக்குப் பல பெயர்

கண்டுபிடித்த பெயரை வைத்துக்கொண்டு உடனே முடிவுக்கு வந்துவிட முடியாது. ஒரு மஞ்சள் சாயத்தை இந்தியப் பெட்டி டார்ட்ராசின் என்று சொல்லும், ஐரோப்பியத் தாள் ஈ102 என்று சொல்லும், அமெரிக்கப் போத்தல் எஃப்.டி.&சி. யெலோ 5 என்று சொல்லும், வண்ண அட்டவணை எண்ணில் சி.ஐ. 19140 என்று வரும். நான்கும் ஒன்றுதான். இது தெரியாமல் “எனக்கு டார்ட்ராசின் ஒத்துக்கொள்ளாது, இதில யெலோ 5தான் இருக்கு, பரவாயில்லை” என்று ஒரு தங்கச்சி விற்றமின் போத்தலைக் காட்டியிருக்கிறார்.

குளிசைகளிலும் பாணி மருந்துகளிலும் அடிக்கடி காண்பவை இவை. எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

டார்ட்ராசின்: ஈ102, யெலோ 5, சி.ஐ. 19140
சன்செட் யெலோ: ஈ110, யெலோ 6, சி.ஐ. 15985
கார்மொய்சின், மறுபெயர் அசோரூபின்: ஈ122, சி.ஐ. 14720
பொன்சோ 4ஆர்: ஈ124, சி.ஐ. 16255
எரித்ரோசின்: ஈ127, ரெட் 3, சி.ஐ. 45430
அலூரா ரெட்: ஈ129, ரெட் 40, சி.ஐ. 16035
இன்டிகோ கார்மைன்: ஈ132, புளூ 2, சி.ஐ. 73015
பிரில்லியன்ட் புளூ: ஈ133, புளூ 1, சி.ஐ. 42090
டைட்டேனியம் டயொக்சைட்: ஈ171, சி.ஐ. 77891
இரும்பு ஒக்சைட்: ஈ172. சிவப்பு சி.ஐ. 77491, மஞ்சள் 77492, கறுப்பு 77499

கார்மொய்சினுக்கும் பொன்சோவுக்கும் நேரே அமெரிக்க எண் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். விடுபட்டதல்ல. அந்த இரண்டுக்கும் அங்கே அனுமதியே இல்லை. ஐரோப்பாவில் உண்டு, இந்தியாவில் உண்டு. எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரு பட்டியல் உலகில் கிடையாது.

படி 4: எந்த வகை?

கரையுமா என்பதுதான் முதற்பிரிவு. தண்ணீரில் கரைவது சாயம். பிள்ளைகளின் பாணி மருந்தைச் சிவப்பாக்குவது இதுதான். ஈரக்கையால் தொட்டால் விரலில் ஒட்டும். அதே சாயத்தை அலுமினியம் ஹைட்ரொக்சைட்டின் மேல் படியவைத்துக் கரையாத தூளாக்கினால் அதற்கு லேக் என்று பெயர். குளிசையின் மேற்பூச்சுக்குச் சாயத்தைவிட லேக் வசதி. திட்டுத்திட்டாகப் படியாது, கசியாது. பெட்டியில் ‘லேக் ஒஃப் சன்செட் யெலோ’ என்று கண்டால் அதற்குள் சன்செட் யெலோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். லேக் என்பது வேறு பொருள் என்று நினைத்து அலர்ஜிக்காரர் ஏமாறக்கூடாது.

மூன்றாவது வகை கனிம நிறமிகள். இவற்றை எழுதும்போது எனக்குப் புல்மோட்டைதான் ஞாபகம் வரும். திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் போனால் கடற்கரை கருமணலாகக் கிடக்கும். இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் என்று பிரித்தெடுக்கிறார்கள். ரூட்டைல் என்பதே டைட்டேனியம் டயொக்சைட்தான். இல்மனைட்டில் டைட்டேனியமும் இரும்பும் சேர்ந்திருக்கின்றன. உலகம் முழுவதும் குளிசைகளை வெள்ளையாக்கும் பொருளின் உலோகமும், அவற்றைக் காவியும் மஞ்சளும் கறுப்புமாக்கும் பொருளின் உலோகமும் நம் மாவட்டத்து ஒரே கைப்பிடி மணலில் இருக்கின்றன. அந்த மணல் கப்பலேறிப் போகிறது. நிறமியாக்குவது வேறு தேசத்துத் தொழிற்சாலைகள். எந்தக் குளிசையில் எந்த ஊர் மணல் என்று யாராலும் சொல்ல முடியாது என்றாலும், ‘டைட்டேனியம் டயொக்சைட்’ என்ற வரியை வாசிக்கும்போது அது அந்நியமான சொல்லாக எனக்குத் தெரிவதில்லை.

வெள்ளைக் குளிசைக்கு ஏன் வெள்ளைப் பூச்சு என்று கேட்கலாம். டைட்டேனியம் டயொக்சைட் வெளிச்சத்தை உள்ளே விடாது. நிபெடிபின் போல வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் மருந்துகளுக்குப் பூச்சு வெறும் அழகல்ல, குடை.

செயற்கைச் சாயங்களுக்குள்ளும் குடும்பங்கள் உண்டு. டார்ட்ராசின், சன்செட் யெலோ, கார்மொய்சின், பொன்சோ, அலூரா ரெட், அமரந்த் எல்லாம் அசோ குடும்பம். அலர்ஜி எச்சரிக்கைகள் அதிகம் சுற்றுவது இந்தக் குடும்பத்தைத்தான். எரித்ரோசின், பிரில்லியன்ட் புளூ, இன்டிகோ கார்மைன் ஒவ்வொன்றும் வேறு வேறு குடும்பம். அசோ என்ற ஒரு சொல்லை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும்.

இயற்கை நிறமிகளில் ஒன்றை மட்டும் தனியே சொல்லவேண்டும். கார்மைன், ஈ120. கொச்சினீல் என்ற பூச்சியை உலர்த்தி எடுக்கும் சிவப்பு அது. மரக்கறி மட்டும் உண்பவர்களும் கந்தசஷ்டி விரதகாரரும் இதை அறிந்திருப்பது நல்லது. ‘இயற்கை’ என்று எழுதியிருப்பதால் மட்டும் அது செடியிலிருந்து வந்ததாகாது. கப்சியூல் கோது விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலற்றினா என்று கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருபவர்கள் கேட்பது வழக்கம். அதே அக்கறையோடு நிறத்தையும் கேட்கலாம்.

படி 5: எந்தச் சட்டத்தின் கீழ்?

இந்தப் படி சற்று நீளம். ஆனால் ஒரு நாட்டில் தடுத்த சாயம் இன்னொரு நாட்டில் எப்படி ஓடுகிறது என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது.

செயற்கைச் சாயம் பிறந்ததே மருந்து தேடிப்போன வழியில்தான். 1856இல் வில்லியம் ஹென்றி பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன், மலேரியாவுக்கான குவினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தான். வந்தது குவினைன் அல்ல, ஊதாச் சாயம். அதற்குப் பிறகு நிலக்கரித் தாரிலிருந்து சாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. துணியில் ஏறியவை உணவிலும் மருந்திலும் ஏறின.

அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை மூன்றாகப் பிரித்தது. உணவு, மருந்து, அழகுசாதனம் மூன்றுக்கும் ஆனவை எஃப்.டி.&சி. மருந்துக்கும் அழகுசாதனத்துக்கும் மட்டும் ஆனவை டி.&சி. வெளிப்பூச்சுக்கு மட்டும் ஆனவை மூன்றாவது வகை. யெலோ 5க்கு முன்னால் நிற்கும் அந்த எழுத்துகளின் அர்த்தம் இதுதான். டி.&சி. யெலோ 10 என்று போட்டிருந்தால் அதை மருந்தில் போடலாம், மிட்டாயில் போடக்கூடாது.

பட்டியலில் இருந்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையை 1950இல் பிள்ளைகள் உடைத்தார்கள். ஒரு பண்டிகைக்காலத்தில் எஃப்.டி.&சி. ஒரேஞ்ச் 1 சேர்த்த மிட்டாய் சாப்பிட்டுப் பலர் நோயுற்றார்கள். அந்தச் சாயம் அன்று அனுமதி பெற்ற சாயம். மீளாய்வுகள் தொடங்கி, 1960இல் நிறமிகளுக்கென்றே சட்டத்திருத்தம் வந்தது. இன்றுவரை அங்கே ஆள்வது அதுதான். அதன்படி, நிறமி பாதுகாப்பானது என்று காட்டவேண்டிய பொறுப்பு அதைப் பாவிக்க விரும்புபவருடையது. அனுமதியும் ஒவ்வொரு பாவனைக்கும் தனித்தனி. இதற்கு நமக்கு விளங்கும் உதாரணம் சமையல் மஞ்சள்: அமெரிக்காவில் உணவுக்கான நிறமிப் பட்டியலில் இருக்கிறது, மருந்துக்கான பட்டியலில் இல்லை.

அந்தச் சட்டத்தில் இன்னொரு பெரிய பிரிவு, தொகுதிச் சான்று வேண்டியவை, வேண்டாதவை என்பது. தாரிலிருந்தும் பெற்றோலியத்திலிருந்தும் வரும் செயற்கைச் சாயம் என்றால், தயாரிப்பாளர் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து உணவு மருந்து நிர்வாகத்துக்கு அனுப்பவேண்டும். அவர்கள் ஆய்வுகூடத்தில் சோதித்து எண் கொடுத்தால்தான் அந்தத் தொகுதியைப் பாவிக்கலாம். டைட்டேனியம் டயொக்சைட், இரும்பு ஒக்சைட், கார்மைன் போன்றவற்றுக்கு இந்தச் சான்று தேவையில்லை. சான்று விலக்கு என்பது கட்டுப்பாடு விலக்கு அல்ல. இரும்பு ஒக்சைட்டுக்கு, வாயால் எடுக்கும் மருந்தில் ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம் இரும்புக்கு மேல் போகக்கூடாது என்ற எல்லை எழுதப்பட்டிருக்கிறது.

1960 திருத்தத்தில் இருக்கும் டெலேனி வாசகம், மனிதரிலோ விலங்கிலோ புற்றுநோய் உண்டாக்குவதாகக் கண்ட நிறமியை அனுமதிக்கவே கூடாது என்கிறது. எரித்ரோசினின் கதை அதனால்தான் முடிந்தது. பெரிய அளவில் கொடுத்த ஆண் எலிகளுக்குத் தைரொயிட் கட்டி வந்தது. 1990இல் அழகுசாதனத்திலும் வெளிப்பூச்சு மருந்திலும் நிறுத்தினார்கள். ஆனால் வாய்வழி மருந்திலும் உணவிலும் அப்படியே விட்டார்கள். 2025 ஜனவரியில்தான் அந்த அனுமதியும் நீக்கப்பட்டது. உணவுக் கம்பனிகளுக்கு 2027 ஜனவரி வரை, மருந்துக் கம்பனிகளுக்கு 2028 ஜனவரி வரை அவகாசம். எலியில் கட்டி வந்த வழி மனிதருக்குப் பொருந்தாது என்று அதே நிர்வாகம் சொல்லியும் இருக்கிறது. சட்டத்தின் வாசகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. உதட்டில் பூசக்கூடாத ஒன்றை முப்பத்தைந்து வருடம் விழுங்கலாம் என்று வைத்திருந்தது எந்த நியாயத்திலும் சேராது என்பது என் கருத்து.

ஐரோப்பா வேறு வழியில் போகிறது. உணவில் அனுமதித்த நிறமிகளைத்தான் மருந்திலும் பாவிக்கலாம் என்பது அங்கே அடிப்படை. 2009ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பணிப்புரை அதைச் சொல்கிறது. 2021 மே மாதம் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனம், டைட்டேனியம் டயொக்சைட் மரபணுவைச் சேதப்படுத்தாது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என அறிவித்தது. 2022இல் உணவில் தடை வந்தது. அடிப்படை விதிப்படி மருந்திலும் தடை வந்திருக்கவேண்டும். ஆயிரக்கணக்கான மருந்துகளை ஒரே நேரத்தில் மாற்றப்போனால் தட்டுப்பாடு வரும் என்பதால் மருந்துக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஆகவே ‘ஐரோப்பாவில் தடைசெய்த பொருள் உங்கள் குளிசையில்’ என்று வட்ஸ்அப்பில் வரும் செய்தி பாதி உண்மை. உணவில் தடை, மருந்தில் அனுமதி.

இந்தியாவின் 127ஆம் விதி சுருக்கமானது: பட்டியலில் உள்ளதைத்தான் போடலாம். மஞ்சளின் குர்க்குமின் அதில் உண்டு. 1976இல் அமெரிக்கா விலக்கிய அமரந்தும் அதில் இடம்பெற்ற ஒன்று.

இலங்கையில் கதவுகள் மூன்று. ஆங்கில மருந்து 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிடம் இருக்கிறது. அதற்கு முன் 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. ஒரு மருந்தைப் பதிவுசெய்ய வரும் கம்பனி, நிறமி உட்பட முழுச் சேர்மானத்தையும் கோப்பில் காட்டவேண்டும். கடையில் விற்கும் கலர் இனிப்பு என்றால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். அதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம். குளிசையில் சந்தேகம் என்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையின் உணவு, மருந்துப் பரிசோதகர்தான் சரியான ஆள். தவறான கதவைத் தட்டி நாளைப் போக்கவேண்டாம்.

படி 6: அளவைக் கணக்கிடுங்கள்

ஒவ்வொரு சாயத்துக்கும், வாழ்நாள் முழுவதும் தினமும் எடுத்தாலும் தீங்கில்லை என்று கருதும் ஓர் அளவை, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய மதிப்பீட்டில் டார்ட்ராசினுக்கு 7.5. சன்செட் யெலோவுக்கு 4. எரித்ரோசினுக்கு வெறும் 0.1.

பிள்ளையின் எடை 15 கிலோ என்று வையுங்கள். டார்ட்ராசின் ஒரு நாளைக்கு 112.5 மில்லிகிராம் வரை. எரித்ரோசின் 1.5 மில்லிகிராம்தான். ஒரே எடை, ஒரே பிள்ளை, எழுபத்தைந்து மடங்கு வித்தியாசம். ‘கலர் கெட்டது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

லேபிளில் சாயத்தின் மில்லிகிராம் இருக்காது. ஆனால் காய்ச்சலுக்கு மூன்று நாள் குடிக்கும் பாணியைவிட, கோணேசர் கோயில் திருவிழாவில் வாங்கிக் கொடுக்கும் கலர் இனிப்பும், தினமும் குடிக்கும் கலர்ச் சோடாவும் இந்தக் கணக்கில் கூடுதல் இடம் பிடிக்கும். மருந்தின் சாயத்தைப் பற்றி யோசிக்க வேண்டியவர்கள், வருடக்கணக்காக அதே நிறக் குளிசையைப் போடுபவர்களும் அலர்ஜி உள்ளவர்களும்தான்.

படி 7: ஒத்துக்கொள்ளாதவர்கள் என்ன செய்வது?

டார்ட்ராசினால் தோல் தடிப்பு வருவது 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. மிக அரிது. ஆனால் தொய்வு (ஆஸ்மா) உள்ளவர்களிலும், அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களிலும் இதைக் கவனிக்கவேண்டும். டொக்டரின் துண்டுக்கு மட்டும் கொடுக்கும் மருந்தில் யெலோ 5 இருந்தால், மூச்சுமுட்டு உட்பட அலர்ஜி வரலாம் என்றும், அஸ்பிரின் ஒவ்வாதவர்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது என்றும் எழுதவேண்டும் என்பது அங்கே விதி. ஐரோப்பாவில் ஈ102, 110, 122, 123, 124, 151 என்ற அசோச் சாயங்கள் வாய்வழி மருந்தில் இருந்தால் உள்தாளில் அலர்ஜி எச்சரிக்கை வேண்டும்.

பிள்ளைகளின் துடுக்குத்தனம் பற்றியும் கேட்பீர்கள். 2007இல் சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சாயக் கலவைகளையும் சோடியம் பென்சோயேற்றையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. சிலரின் நடத்தையில் சிறிய மாற்றம் தெரிந்தது. 2010 ஜூலை முதல், அந்த ஆய்வில் பாவித்த ஆறு சாயங்களில் எது சேர்ந்த உணவுக்கும் ஐரோப்பாவில் எச்சரிக்கை வாசகம் போடுகிறார்கள். அந்த வாசகம் உணவுக்குரியது.

குளிசை போட்டதும் தடிப்போ கடியோ வந்தால் உடனே சாயம் என்று முடிவுகட்டாதீர்கள். மருந்தே காரணமாக இருப்பதுதான் அதிகம். உதடு வீங்கினால், மூச்சு முட்டினால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். நிறமி ஆராய்ச்சி பிறகு. சாயத்தில்தான் சந்தேகம் என்றால், அதே மருந்து வேறு கம்பனியில் நிறமில்லாமல் கிடைக்குமா என்று டொக்டரையும் மருந்தாளரையும் கேளுங்கள். வலிப்பு, இதயம், சீனி வருத்தம் இவற்றின் மருந்தைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்தவேண்டாம்.

படி 8: நிறம் மாறும்போது

நிறம் கம்பனியின் தெரிவு, மருந்தின் அடையாளம் அல்ல. இதை விளங்கவைக்க நான் எப்போதும் சொல்வது வார்பரின். அமெரிக்காவில் இளஞ்சிவப்பு வார்பரின் 1 மில்லிகிராம். பிரிட்டனில் இளஞ்சிவப்பு 5 மில்லிகிராம். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து அது. ஐந்து மடங்கு என்பது உள்ளே இரத்தம் கசியப் போதுமான பிழை. இரண்டு நாட்டிலும் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் நம் ஊரில் எத்தனை! அமெரிக்காவில் 10 மில்லிகிராம் வார்பரினை மட்டும் சாயமில்லாமல் வெள்ளையாக விட்டிருக்கிறார்கள். சாயம் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதைப் பிரித்துக் கொடுப்பார்கள்.

நிறம் மாறினால் மருந்தையே விட்டுவிடுபவர்களும் உண்டு. மாரடைப்பு வந்தவர்களிடம் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. குளிசையின் நிறம் மாறியபோது மருந்தை நிறுத்தும் வாய்ப்பு 34 சதவீதமும், வடிவம் மாறியபோது 66 சதவீதமும் கூடியிருந்தது.

கம்பனி மாறாமல், உங்கள் அலுமாரியிலேயே நிறம் மாறினால் அது வேறு விஷயம். இன்டிகோ கார்மைனும் எரித்ரோசினும் வெளிச்சத்துக்குத் தாக்குப்பிடிக்காதவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலோரம் வைத்த நீலக் குளிசை வெளிறிப்போகும். புள்ளி விழுந்தாலோ, பிசுபிசுத்தாலோ, ஒரே கார்டில் ஒன்று ஒரு நிறமாகவும் மற்றது வேறு நிறமாகவும் இருந்தாலோ போடவேண்டாம், கடைக்குக் கொண்டுவாருங்கள். ஈரமும் வெயிலும் படாத இடத்தில் 30 பாகைக்குக் கீழே வையுங்கள். கடற்கரை வீடுகளில் குளியலறைக்குப் பக்கத்து அலுமாரி வேண்டவே வேண்டாம்.

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். மருந்தின் பொதுப்பெயர், மில்லிகிராம், கம்பனி, இந்த மாதம் என்ன நிறம், எந்தத் திகதியில் மாறியது. நிறம் மாறி வந்த அன்றைக்கு, பழையதில் மிச்சம் எத்தனை என்று எண்ணி அதையும் எழுதி, பழையதை ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். ஒத்துக்கொள்ளாத சாயம் தெரிந்திருந்தால் அதன் பெயரையும் ஈ எண்ணையும் கொப்பியின் முதற்பக்கத்தில், மருந்து அலர்ஜி எழுதும் இடத்திலேயே சிவப்பு மையால் எழுதிவையுங்கள்.